மஞ்சளாகாத சொட்டு

அத்தியாயம் 17

வெள்ளைப் பீங்கான் தட்டின் குழியில் இரண்டு சொட்டு கூழ். அதன்மேல் ஒரு சொட்டு அயோடின். ஆலை லேபில் பெரியவள் குனிந்து பார்த்தாள்.

மஞ்சளாகவே நின்றிருக்க வேண்டிய சொட்டு, கண்ணெதிரே கருநீலமாக மாறியது.

மணி காலை ஏழேகால். மூன்று முறை பார்த்தாகிவிட்டது. மூன்று முறையும் அதே நிறம்.

இந்த ஆலையில் நடப்பதை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். மரவள்ளிக்கிழங்கை அரைத்து, நீராவியில் வேகவைத்துக் கூழாக்குவார்கள். கூழில் இருப்பதெல்லாம் மாவுச்சத்து. ஈஸ்ட் மாவைத் தொடாது. அதற்குச் சர்க்கரைதான் வேண்டும். மாவைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுப்பது நொதி. புத்தகத்தில்தான் நொதி, ஆலையில் எல்லாருக்கும் அது என்சைம். உடைந்த சர்க்கரையைத் தின்று ஈஸ்ட் இரண்டரை நாளில் எத்தனாலாக்கிவிடும். அதைக் காய்ச்சி வடித்து, வண்டி ஓடும் பெட்ரோலோடு கலக்க அனுப்புவார்கள். சொட்டு மஞ்சளாக நின்றால் மாவு தீர்ந்தது என்று அர்த்தம். கறுத்தால் மாவு அப்படியே கிடக்கிறது, ஈஸ்ட் பட்டினி கிடக்கிறது.

நொதி ஊற்றி முப்பத்தாறு மணி நேரமாகியும் மூன்று தொட்டிகள் பட்டினி கிடந்தன.

போன் அடித்தது. தொட்டிப் பக்கத்து ஆபரேட்டர். "லேப் அக்கா, மூணு, நாலு, அஞ்சு, எதுலயும் நுரையே இல்ல. ஏணியில ஏறிப் பாத்தேன். குளம் மாதிரி கிடக்கு."

"புளிச்ச வாடை வருதா?"

"இன்னும் இல்ல. சாயங்காலத்துக்குள்ள வந்துடும்."

அவளுக்குக் கவலை கூடியது. தொட்டிகளுக்காக மட்டுமில்லை. அந்த நொதி கேன்களை ஆலைக்குத் தருவது அவள் தம்பி. மூன்று மாதத்துக்கு முன், "நல்ல சரக்கு, நான் சோதிச்சுப் பாத்துட்டேன்" என்று அவள் சொன்ன ஒரு வார்த்தையில்தான் அவனுக்கு அந்த ஆர்டரே கிடைத்தது.

அந்தத் தம்பிதான் ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் வைத்து, "மாடியைக் காலி பண்றோம் அக்கா" என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். கீழே அவளும் கணவரும், மேலே தம்பியும் அவன் மனைவியுமாக ஆறு வருடம். ஏன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லாததை ஏன் கேட்க வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை. கணவர் மட்டும் ஒரு கணம் தலையைத் தூக்கி, மறுபடி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மூன்று நாளாக வீட்டில் பேச்சு என்றால் தண்ணீர் மோட்டாரைப் போட்டாச்சா, நிறுத்தியாச்சா என்பது மட்டும்தான்.

கதவு திறந்தது. மேனேஜர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். அதனாலேயே அவர் பேச ஆரம்பித்தால் எல்லாரும் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

"கேட்ல பதினாலு லாரி நிக்குது. கிழங்கு தோண்டி ரெண்டு நாளாச்சு. நாளைக்கு வெட்டினா உள்ள கறுப்புக் கோடு ஓடியிருக்கும்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க தம்பி சரக்குதானே அது?"

"ஆமா சார்."

"குடும்ப விஷயமா நான் பாக்கல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு எழுத்துல குடுங்க. சரக்கு கெட்டுப் போனதுன்னு ஒரு வரி போதும்."

"சோதிச்சுப் பாத்துட்டு எழுதறேன் சார்."

"சோதிங்க. ஆனா வரி அதுதானே" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

ஸ்டோரில் தம்பி மனைவி பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டோர் முழுக்க அவள் பொறுப்பு. ஒரு திருகாணி வெளியே போனாலும் அவள் கையெழுத்து வேண்டும். வீட்டில் வாயாடி என்று பெயரெடுத்தவள், பெரியவளைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து சும்மா நின்றாள்.

"என்சைம் கேன் ஒண்ணு வேணும்மா. மூடி திறக்காதது."

"இருங்க அண்ணி, எடுத்துட்டு வரேன்."

"நானே வரேன். குளிர் ரூம்லதானே இருக்கு?"

"வேணாம் அண்ணி. நீங்க உக்காருங்க."

அவள் பின்பக்கமாகப் போய், கேனைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். பெரியவள் கேனின் பக்கத்தில் கை வைத்தாள். குளிர் அறையிலிருந்து வந்த கேன் வியர்த்திருக்க வேண்டும். இது வெதுவெதுவென்று இருந்தது.

"ஏன் சூடா இருக்கு?"

"வெளிய எடுத்து வெச்சிருந்தேன். நீங்க கேப்பீங்கன்னு."

"நான் கேப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தம்பி மனைவி பதிவேட்டைப் புரட்டினாள். வெறும் பக்கங்களாகப் புரண்டன. பெரியவள் கேனைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

தம்பி ஒன்பதரை மணிக்கு வந்து சேர்ந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். அவன் கையிலும் ஒரு கேன்.

"என் சரக்கு கெட்டுப் போச்சுன்னு கேட்ல இருக்கிற செக்யூரிட்டி வரைக்கும் பேசறான். நீ என்ன சொன்ன அக்கா?"

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

"சொல்லாம இருந்ததுதான் தப்பு. இல்லைன்னு சொல்லியிருக்கணும்."

"இல்லைன்னு எனக்குத் தெரியாதே."

அவன் முகம் சுருங்கியது. "கேன்ல தண்ணி கலக்கறவன்னு நினைக்கிறியா என்னை?"

"நான் எதையும் நினைக்கல. கேனைக் குடு. நம்பரைப் பாப்போம்."

இரண்டு கேன்களிலும் ஒரே தயாரிப்பு எண். ஒரே நாளில், ஒரே இடத்தில் நிரப்பியவை. ஒன்று தம்பியின் கிடங்கில் இருந்தது. மற்றது ஆலையின் ஸ்டோரில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வேகவைத்த கூழை இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஊற்றினாள். ஒன்றில் தம்பி கொண்டுவந்த நொதி, இன்னொன்றில் ஸ்டோர் நொதி. அளவு பிசகாமல் இரண்டுக்கும் ஒரே அளவு. அறுபது டிகிரி வெந்நீர்த் தொட்டியில் இரண்டையும் சேர்த்து நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம்."

இருவரும் எதிரெதிர் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், ஒரே அறையில் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் இருவருக்கும் தெரிந்தது. நடுவில் ஒரு முறை அவன், "மாடி விஷயம்..." என்று ஆரம்பித்தான்.

"அதை இப்பப் பேச வேணாம்."

"எனக்கே காரணம் தெரியாது அக்கா. அவதான் பிடிவாதமா நிக்கிறா. கேட்டா அழறா."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அப்போது மணி அடித்தது.

தட்டில் இரண்டு குழி. இரண்டிலும் அயோடின். தம்பியின் நொதி கலந்த சொட்டு மஞ்சளாக, பளிச்சென்று நின்றது. ஸ்டோர் நொதி கலந்த சொட்டு கருநீலமாகக் கறுத்தது.

தம்பி பெருமூச்சு விட்டான். தோள் இரண்டும் இறங்கின. "பாத்தியா?" என்றான். "பாத்தியா அக்கா?"

"பாத்தேன். உன் சரக்கு நல்ல சரக்கு. இங்க வந்து வெந்து போயிருக்கு. சும்மா வெயில்ல கிடந்தா இப்படி ஆகாது. நாள் கணக்கா அறுபது, எழுபது டிகிரியில கிடந்திருக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொற்கள் எங்கே போய் நிற்கின்றன என்பது இருவருக்கும் உறைத்தது. ஸ்டோர் என்றால் அவன் மனைவி.

தம்பி தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தான்.

"அக்கா, சரக்கு கெட்டதுன்னே எழுதிடு" என்றான் தம்பி.

"என்ன பேசற?"

"எனக்கு இன்னொரு ஆலை கிடைக்கும். இல்லாட்டி வேற யாவாரம். அவளுக்கு இந்த வேலைன்னா உயிர். அவ அப்பா வீட்ல யாருமே சொந்தக் கால்ல நின்னதில்ல. இவதான் முதல் ஆள்."

"பொய் எழுதச் சொல்றியா?"

"நீ எழுதறது ஒரு வரி. எங்களுக்கு அது வாழ்க்கை."

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே அவன்மேல் பாசமும் வந்தது. இரண்டையும் மென்று விழுங்கினாள்.

"முதல்ல டேங்க்கைக் காப்பாத்துவோம். கிடங்குல எத்தனை கேன் இருக்கு?"

"ஏழு."

"ஆறு கொண்டு வா. ஒரு டேங்க்குக்கு ஒண்ணு போதும்; நான் ரெண்டு ஊத்தப்போறேன். பன்னெண்டு மணிக்குள்ள வரணும்."

அவன் வேனைக் கிளப்பிக்கொண்டு போனதும், பெரியவள் நேரே ஸ்டோரின் பின்பக்கம் போனாள். குளிர் அறையின் முன்னால் தம்பி மனைவி சாவியோடு நின்றிருந்தாள். இவள் வருவாள் என்று காத்திருந்தவள்போல.

"திற."

திறந்தாள். உள்ளே இருட்டு. குளிரும் இல்லை, கேனும் இல்லை. மேலே இருந்த குளிர்பதன இயந்திரம் வாயைத் திறந்துகொண்டு, ஒயர்கள் வெளியே தொங்கக் கிடந்தது.

"பதினோரு நாளாச்சு அண்ணி" என்றாள் தம்பி மனைவி. அழுது தீர்ந்துபோன குரல். "மோட்டார் கருகிடுச்சு. ரிப்பேருக்குக் கழட்டணும்னு, கேனையெல்லாம் பூட்டு இருக்கிற வேற ரூம்ல வைக்கச் சொன்னாங்க. இதை விட்டா பூட்டு இருக்கிறது பாய்லருக்குப் பின்னாடி இருக்கிற ரூம் ஒண்ணுதான். அங்க நீராவிக் குழாய் சுவரை ஒட்டிப் போகுது. எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா, இது சூடு பட்டா கெட்டுப்போற சாமான்னு எனக்குத் தெரியாது. குளிர்ல வெக்கிறது ஏதோ கம்பெனி விதின்னு நினைச்சேன்."

"டேங்க் பக்கத்துல ஏற்கெனவே எடுத்து வெச்ச கேன் இருந்தது. அது தீர்ற வரைக்கும் யாருக்கும் தெரியல" என்று பெரியவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "முந்தாநாள்தான் இந்தக் கேனுக்கு வந்திருக்காங்க."

அவள் கண், அறைக் கதவின் உட்புறம் கிளிப்பில் மாட்டியிருந்த தாளின் மேல் விழுந்தது. குளிர் அறையின் வெப்பநிலையைக் காலையிலும் மாலையிலும் குறித்துவைக்கும் தாள். காலை ஆறு டிகிரி, மாலை ஏழு டிகிரி. செத்துக் கிடக்கும் இயந்திரம் பதினோரு நாளும் ஒரு வேளைகூடத் தவறாமல் குளிர் தந்ததாகத் தாள் சொன்னது.

முதல் வரியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருடமாக மளிகைச் சீட்டில் பார்த்த கையெழுத்து.

அவள் கணவர்தான் இந்த ஆலையின் எலக்ட்ரீஷியன்.

"அண்ணன்தான் எழுதினாரு. முதல் நாள் என் முன்னாடியே எழுதினாரு" என்றாள் தம்பி மனைவி. "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொன்னாரு. தினமும் உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு மாடிப்படி ஏற முடியல அண்ணி. அதான் வேற வீடு பாக்கலாம்னு சொன்னேன். இவருக்குக்கூடச் சொல்லல."

பெரியவள் தாளைக் கிளிப்பிலிருந்து உருவி, இரண்டாக மடித்து, லேப் கோட்டின் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மோட்டார் அறையில் கணவர் முழங்காலிட்டு ஒரு பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். காலடிச் சத்தத்திலேயே அவள் என்று தெரிந்துகொண்டார். திரும்பவில்லை.

"எல்லாம் தெரிஞ்சிடுச்சா?"

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

"புது மோட்டார் வேணும்னு எழுதிக் குடுத்தேன். ஆய்வுக்கு ஆள் வராங்க, அது முடியட்டும், அதுவரைக்கும் ஷீட் நிறைஞ்சிருக்கணும்னாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கேனை எங்க வைக்கலாம், எங்க வைக்கக்கூடாதுன்னு நான் சொல்லியிருப்பேனே."

"சொன்னா நீ எழுதிடுவ" என்றார் அவர். இப்போதுதான் திரும்பினார். "உன்னால எழுதாம இருக்க முடியாது. எனக்குத் தெரியாதா? நீ எழுதினா நான் வீட்ல, நீயும் வீட்ல, அந்தப் பொண்ணும் வீட்ல. அவன் யாவாரமும் போச்சு. நாலு பேரும் ஒரே நாள்ல."

"எழுதாததுக்கு இப்ப என்ன ஆச்சு?"

அவள் கிளம்பினாள். "இரு, இன்னும் ஒண்ணு சொல்லணும்" என்றார் பின்னாலிருந்து. அவள் நிற்கவில்லை. அவள் கேட்கக்கூடிய நிலையில் இல்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தம்பியின் வேன் கேட்டுக்குள் நுழைந்தது. ஆபரேட்டரும் தம்பியும் கேன்களைத் தோளில் சுமந்து ஏணியேறினார்கள். தொட்டிக்கு இரண்டாக ஊற்றி, கலக்கியை ஓடவிட்டு, கூழின் சூட்டை முப்பத்திரண்டு டிகிரியில் நிறுத்தினார்கள். அதற்குமேல் மனிதர் செய்ய எதுவும் இல்லை. ஒரு மணிக்கு எடுத்த சொட்டு கறுத்தது. இரண்டு மணிச் சொட்டும் கறுத்தது. தம்பி சாப்பிடப் போகவில்லை. அவன் மனைவி தொட்டிகளுக்குக் கீழே வந்து, யாரோடும் பேசாமல் ஒரு தூணில் சாய்ந்து நின்றாள்.

மூன்றே முக்காலுக்கு ஆபரேட்டர் மேலிருந்து கையைத் தட்டினான். "அக்கா, நாலாம் டேங்க்ல சத்தம் கேக்குது."

பெரியவள் ஏணியேறிக் காற்றுக்குழாயில் காதை வைத்தாள். உள்ளேயிருந்து சின்னச் சின்னதாகக் கொப்புளம் வெடிக்கும் சத்தம். ஈஸ்ட் தின்ன ஆரம்பித்துவிட்டது. சொட்டு எடுத்துப் பார்த்தாள். இன்னும் மஞ்சளில்லை; ஆனால் கருநீலம் வெளுத்து, செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. அடுத்த அரை மணியில் மூன்றாம் தொட்டியும் பேச ஆரம்பித்தது. ஐந்தாம் தொட்டி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதிலிருந்து மெல்லப் புளிப்பு வாடை கிளம்பியது.

"ரெண்டு பிழைச்சுது, ஒண்ணு போச்சு" என்றான் தம்பி. "மேனேஜருக்கு ஒண்ணு போதும், என்னைத் தொலைச்சுக்கட்ட."

அவள் லேபுக்குப் போய், கதவைத் தாழிட்டுக்கொண்டு, தன் கைப்பட எழுதினாள். இரண்டு குழாய்ச் சோதனை. ஒரே தயாரிப்பு எண். பதினோரு நாள் ஓடாத குளிர் அறை. பாய்லர் அறைக்குப் பின்னால் வெந்த கேன்கள். பொய்யாக நிரப்பிய வெப்பநிலைத் தாள். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது. எழுந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். திரும்ப வந்து உட்கார்ந்து, 'பதினோரு நாளும் தாளை நிரப்பியவர் ஆலை எலக்ட்ரீஷியன், என் கணவர்' என்று எழுதி முடித்தாள்.

ஐந்து மணி. மேனேஜர் மேசையில் ஏற்கெனவே டைப் அடித்த தாள் ஒன்று அவள் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. சப்ளையர் தந்த சரக்கு தரமற்றது என்று ஒரே வரி. அவள் அதன் மேல் தன் தாளை வைத்தாள். பைக்குள்ளிருந்து வெப்பநிலைத் தாளையும் எடுத்து வைத்தாள்.

மேனேஜர் நிதானமாகப் படித்தார். மறுபடி ஒருமுறை படித்தார்.

"உங்க வீட்டுக்காரர் வேலை போயிடும்மா."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?" அவர் இரண்டு தாளையும் சேர்த்துத் தன் பக்கம் இழுத்தார். "இது இந்த ரூமை விட்டு வெளிய போகணும்னு இல்ல. நான் டைப் அடிச்சதுல கையெழுத்துப் போடுங்க. உங்க தம்பிக்கு வேற ஊர்ல ஆர்டர் வாங்கித் தரேன். யாருக்கும் சேதாரம் இல்ல."

கதவு தட்டப்படாமலே திறந்தது. கணவர் நின்றிருந்தார். கையில் கிரீஸ், நெற்றியில் கிரீஸ்.

"கதவைச் சாத்திட்டு வாப்பா" என்றார் மேனேஜர்.

"திறந்தே இருக்கட்டும் சார்" என்றாள் பெரியவள்.

கணவர் மேசைக்கு வந்து, நின்றபடியே அவள் எழுதியதைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். முகத்தில் கோபமில்லை.

"இதுல ஒரு தப்பு இருக்கு" என்றார் அவளைப் பார்த்து. "காலையிலேயே சொல்ல வந்தேன், நீ நிக்கல. நான் எழுதினது பதினோரு நாள் இல்ல. நாலு நாள். அஞ்சாம் நாள், இனிமே என் கையால எழுத மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை.

பெரியவள் வெப்பநிலைத் தாளைப் பிடுங்காத குறையாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நான்காம் நாள் வரைக்கும் அவர் கை. ஐந்தாம் நாளிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்து வரைந்த வேறொரு கை. எழுத்து அதே சாய்வு, ஆனால் பேனா ஒவ்வொரு எண்ணிலும் தாள் கிழிகிற மாதிரி அழுந்தியிருந்தது. காலையில் ஒரு சொட்டை மூன்று முறை சோதித்தவள், இந்தத் தாளில் ஒரே ஒரு வரியைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதியிருந்தாள்.

"அதை இங்க குடுங்க" என்றார் மேனேஜர். கை நீண்டது.

"இது என்கிட்ட இருக்கட்டும் சார்."

அவள் தன் அறிக்கையைத் தன் பக்கம் திருப்பினாள். 'பதினோரு நாளும்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'முதல் நான்கு நாள்' என்று எழுதினாள். அதற்குக் கீழே இன்னொரு வரி தொடங்கினாள்.

'மீதி ஏழு நாள் எழுதியவர்:'

அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, பேனாவை மூடாமல், மேனேஜரை நிமிர்ந்து பார்த்தாள்.